கத்துகிற பெட்டி வாங்கினார்கள், கதவு வைக்கவில்லை

எங்கள் சரக்கு ஸ்டோரில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓடும் பாதையைத் தாண்டித்தான் போக வேண்டும். சிரிக்காதீர்கள், கட்டடத்தை அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். கணக்கு எழுதும் கிராணிகள் நாங்கள் உட்காரும் அறை இந்தக் கோடியில். கழிவறையும் கேண்டீனும் அந்தக் கோடியில். நடுவில் லோரியில் சரக்கு ஏற்றி இறக்கும், ஆறு ஷட்டர் வைத்த லோடிங் பே. சாதாரண மனுஷி ஒரு நாளைக்கு நான்கு தடவை எழுந்து போவாள், நான்கு தடவை திரும்பி வருவாள். மொத்தம் எட்டு. பதினோரு வருஷமாகத் தினமும் எட்டு தடவை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வருகிறேன். ஒரு பாத்ரூமுக்கு!

மலேசியாவில் பந்திங் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். முன்பு எங்கே பார்த்தாலும் செம்பனை. இப்போது தெலுக் பங்லிமா காராங் ரோட்டில் போனால் தொழிற்சாலையும் ஸ்டோரும்தான். மேற்குத் துறைமுகத்துக்கு ஹைவே இருப்பதால் கண்டெய்னர் லோரிகள் ராத்திரி பகல் பார்க்காமல் வந்து நிற்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் பாதிப் பேர் இந்த ஸ்டோர்களில்தான் சம்பளம் வாங்குகிறோம். வேலை கொடுக்கிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. குறை என்னவென்று சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கையில் சாப்பாட்டு அடுக்கோடு கேண்டீனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாம் ஷட்டர் பக்கம் ஃபோர்க்லிப்ட் ஒன்று பாலட்டை, அதாவது சரக்கு அடுக்கிய பலகைத் தட்டை, தூக்கிக்கொண்டு திரும்பியது. நான் அதன் முன்னால் இல்லை, பின்னாலும் இல்லை, பக்கவாட்டில் தள்ளித்தான் நின்றேன். ஆனால் அது கார் மாதிரி திரும்பும் வண்டி இல்லை. பின்சக்கரத்தில் திரும்பும் வண்டி. மூக்கு இடப்பக்கம் போனால் வால் வலப்பக்கம் சுழன்று வரும். அந்த வால் என் சாப்பாட்டு அடுக்கைப் பக்கத்தில் இருந்த பாலட்டோடு சேர்த்து நசுக்கியது. என் கையை எப்படி இழுத்துக்கொண்டேன் என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. ரசம், நெத்திலிச் சம்பல், முட்டை எல்லாம் சிமெண்டுத் தரையில். எவர்சில்வர் அடுக்கு அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது.

சரி, மறுநாள் நிர்வாகம் என்ன செய்தது? மெமோ ஒட்டியது. 'ஊழியர்கள் லோடிங் பே வழியாக உணவு எடுத்துச் செல்லக் கூடாது.' வேறு வழியே இல்லாத இடத்தில்! சாப்பாட்டை ட்ரோனில் அனுப்பச் சொல்கிறார்களா?

மெமோ எழுதிய ஆளுக்கு அந்த வண்டி என்னவென்று தெரியுமா, தெரியாதா? இரண்டரை டன் தூக்குகிற ஃபோர்க்லிப்டின் சொந்த எடையே கிட்டத்தட்ட நான்கு டன் வரும். முன்னால் சுமை ஏறினால் குப்புற விழக் கூடாது என்பதற்காகப் பின்னால் இரும்புப் பாறை மாதிரி ஒரு எடையை வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். மூன்று நான்கு மைவி காரைச் சேர்த்துக் கட்டி ஒரு வண்டியாக உருட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால் சைக்கிள் வேகம்கூட இல்லை என்று தோன்றும். கணக்குப் போட்டால் ஒரு நொடிக்கு 2.8 மீட்டர். ஓட்டுகிறவன் என்னைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆனாலே அந்த 2.8 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடிப்பது அதற்கப்புறம்தான். அதுவும் படாரென்று பிடித்தால் சுமை முன்னால் சரியும். முன்னால் யார் நிற்கிறார்கள்? ரசத்தோடு நான்.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய் சொன்னதாகிவிடும். போன வருஷம் 'ஸ்மார்ட் சேஃப்டி' என்று பெரிய விழாவே நடத்தினார்கள். பலூன் கட்டி, நாசி லெமாக் சோறு கொடுத்து, மேனேஜர் ரிப்பன் வெட்டினார். என்ன வந்தது? ஒவ்வொரு வண்டிக்கும் நீல லைட். எங்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு டேக். இரண்டு வண்டியில் மட்டும் மனித உருவத்தைக் கண்டுபிடிக்கும் ஏஐ கேமரா.

தொழில்நுட்பத்தைத் திட்டுகிற ஆள் இல்லை நான். அந்த டேக் எப்படி வேலை செய்கிறது என்று விற்க வந்த பையனிடம் நின்று கேட்டேன். நல்ல பையன், பொறுமையாகச் சொன்னான். வண்டியில் இருக்கும் பெட்டியும் என் டேக்கும் ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும். அலை போய் வரும் நேரத்தை வைத்து எனக்கும் வண்டிக்கும் எத்தனை மீட்டர் என்று கணக்கிடும். நன்றாக வேலை செய்தால் ஒரு முழத்துக்கு மேல் பிசகாதாம். அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் நான் மறைந்து நின்றாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். கேமராவுக்கு அது முடியாது, கண்ணுக்கு முன்னால் இருப்பதுதான் தெரியும். ஆனால் கேமராவுக்கு டேக் தேவையில்லை, யார் வந்தாலும் பார்க்கும். டேக் மாட்டாத ஆள் அந்தப் பெட்டிக்கு ஆளே இல்லை. லோரி டிரைவர்கள் தினமும் எத்தனை பேர் வந்து போகிறார்கள், அவர்கள் கழுத்தில் எவன் டேக் மாட்டினான்? ஆக இரண்டும் சேர்ந்தால்தான் பிரயோஜனம். வாங்கும்போதே இதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாசி லெமாக் வரிசையில் நின்றிருந்தார்கள்.

அப்புறம் தூரம் வைத்தார்கள் பாருங்கள், அதுதான் கூத்து. ஆறு மீட்டருக்குள் யார் வந்தாலும் கத்தும்படி வைத்துவிட்டுப் பையன் ஷா ஆலாமுக்குத் திரும்பிப் போய்விட்டான். எங்கள் ரேக் சந்து மொத்தமே மூன்று மீட்டர் சொச்சம். பக்கத்துச் சந்தில் ஆள் சும்மா நின்றாலும் கத்துகிறது. என் மேசைச் சுவருக்கு அந்தப் பக்கம் வண்டி போனாலும் கத்துகிறது. சுவர் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கிற 'பீப் பீப்' சாயங்காலம் வரை ஓயாது. முதல் வாரம் எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தோம். இரண்டாம் வாரம் முறைத்தோம். மூன்றாம் வாரத்திலிருந்து கொசு சத்தம் மாதிரி ஆகிவிட்டது. நிஜமான ஆபத்து வரும்போதும் அதே பீப்தான். என் சாப்பாட்டு அடுக்கு நசுங்கியபோதும் அது கத்திக்கொண்டுதான் இருந்ததாம். என் காதில் விழவே இல்லை.

வண்டி ஓட்டிய தம்பியிடம் போனேன். பாவம், முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். பெட்டியைப் பார்த்தால் ஸ்பீக்கர் மேல் மூன்று அடுக்கு டேப்.

"ஏன்டா தம்பி ஒட்டின?"

"அக்கா, நாள் முழுக்க காதுகிட்ட கத்துது. ராத்திரி படுத்தாலும் கேக்குது. கழட்டுனா வார்னிங் லெட்டர். அதான் டேப்பு."

அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பாலட் என்று போர்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். குறைந்தால் அவன் பெயர் சிவப்பில் வரும். மெதுவாக ஓட்டு என்று ஒரு போஸ்டர், வேகமாக ஏற்று என்று ஒரு போர்டு. இரண்டையும் ஒரே சுவரில் மாட்டிவிட்டு நடுவில் அவனை நிறுத்தினால் அவன் என்ன செய்வான்?

நீல லைட்டைப் பற்றி இரண்டு வரி. வண்டி வருவதற்குச் சில மீட்டர் முன்னாலேயே தரையில் நீலப் பொட்டு விழும். உள்ளே இருட்டுச் சந்தில் அருமையான சாமான், மூலைக்கு அந்தப் பக்கம் வண்டி வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் ஆறு ஷட்டரும் திறந்து காலை வெயில் உள்ளே அடிக்கிற லோடிங் பேயில் அது எங்கே தெரியும்? ஆட்கள் அதிகம் குறுக்கே நடப்பது அங்கேதான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது எது தெரியுமா? அதே பையன் இன்னொன்றும் காட்டினான். ஸ்டோருக்குள் ஓர் எல்லை குறித்துவிட்டால், அதற்குள் நுழைந்ததும் வண்டி தானாகவே வேகம் குறையும். டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் ஆமை வேகம்தான். நடைபாதைக் கேட் திறந்திருந்தால் வண்டிக்குச் சிவப்பு விளக்கு, வண்டி வரும்போது கேட் திறக்காது என்று அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. மேனேஜர் கேட்ட முதல் கேள்வி: "லோடிங் ஸ்லோ ஆகுமா?" கொஞ்சம் ஆகும் என்றான் பையன். பேச்சு அங்கேயே முடிந்தது.

புரிகிறதா? கத்துகிற சாமான் எல்லாம் வாங்கினார்கள். நிறுத்துகிற சாமான் ஒன்றுகூட வாங்கவில்லை. கத்துகிற சாமானுக்கு ஒரு வசதி இருக்கிறது. நாளைக்கு ஒருத்தி அடிபட்டால் 'டேக் கத்தியதே, நீ ஏன் நகரவில்லை' என்று கேட்கலாம். டேக் மாட்டவில்லை என்றால் 'ஏன் மாட்டவில்லை' என்று கேட்கலாம். தாயத்துக் கட்டிவிட்ட மந்திரவாதியும் இப்படித்தான் பேசுவான், பேய் பிடித்தால் நீ சுத்தமாக இல்லை என்பான்.

மஞ்சள் கோட்டை மறந்துவிட்டேன். நடக்கிறவர்களுக்கு என்று தரையில் மஞ்சள் கோடு போட்ட பாதை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மாதக் கடைசியில் அதன் மேல் பாலட் அடுக்கிவிடுவார்கள். மாதக் கடைசி எங்கள் ஸ்டோரில் இருபதாம் தேதியே தொடங்கிவிடும். பாதை போனால் நாங்கள் வண்டிப் பாதையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். ஆடிட் வரும் அன்று மட்டும் பாதை பளிச்சென்று இருக்கும், அன்றைக்கு நான் ராணி மாதிரி பாத்ரூம் போய் வருவேன்.

என் அப்பா கேரித் தீவுப் பக்கம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். நீளக் கம்பில் அரிவாள் கட்டி அண்ணாந்து பார்த்து அறுப்பார். குலை ஒன்று இருபது கிலோ வரும், முள்ளோடு. வெட்டுவதற்கு முன் மரத்தடியில் ஒரு குஞ்சு குழந்தை நிற்கக் கூடாது, உதிரிப் பழம் பொறுக்குகிற அம்மாவாக இருந்தாலும் தள்ளிப் போக வேண்டும். அம்மா போகாவிட்டால் அவர் அரிவாளைக் கீழே இறக்கிவிடுவார், அன்றைக்குக் கூலி குறைந்தாலும் சரி. "சத்தம் போட்டா போதாது, ஆள் இருக்கக் கூடாது" என்பார். மூன்றாம் வகுப்போடு நின்றவர்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2024 ஜூன் 1 முதல் இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள். முதலாளி கடமை தவறினால் அபராதம் முன்பு 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரைதான், இப்போது 5 லட்சம் வெள்ளி வரை போகும். உடனடி ஆபத்து இருந்து முதலாளி ஒன்றும் செய்யவில்லை என்றால் அந்த இடத்தை விட்டு விலகிப் போகிற உரிமை தொழிலாளிக்கு உண்டு. நான் எங்கே விலகிப் போவது, வீட்டுக்கா? ஐந்து பேர் வேலை செய்தாலே பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்பதால் எங்களுக்கும் ஒருவர் இருக்கிறார். சுவரில் தன் பெயர் ஒட்டிய பிறகுதான் அவருக்கே விஷயம் தெரியும். 40 பேர் இருந்தால் தொழிலாளிகளும் உட்காரும் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். எங்கள் ஸ்டோரில் நிரந்தர ஆட்கள் 38. மற்றவர்கள் எல்லாம் கான்ட்ராக்ட், கணக்கில் வரமாட்டார்களாம். ஃபோர்க்லிப்ட் மோதும்போது இவன் நிரந்தரமா கான்ட்ராக்டா என்று பார்த்தா மோதும்?

நான் கேட்பது ராக்கெட் இல்லை. எங்கள் அறையின் பின்சுவரில் ஒரு கதவு. வெளியே கூரை நீண்டுதான் இருக்கிறது, அதன் கீழேயே நடந்தால் மழை நனையாமல் கேண்டீன் போய்விடலாம், ஒரு வண்டியையும் பார்க்காமல். ஒரு கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. இதை மூன்று வருஷமாகச் சொல்கிறேன். அந்தக் கதவு வழியாகச் சரக்குத் திருட்டுப் போகும் என்கிறார் மேனேஜர். அவ்வளவு ஏஐ கேமரா வாங்கினீர்களே ஐயா, அதில் ஒன்றைத் திருப்பி அந்தக் கதவுப் பக்கம் வையுங்களேன்!

இப்போதெல்லாம் நான் காலையில் தே ஓ, அதான் பால் போடாத டீ, குடிப்பதில்லை. தண்ணீரும் பாதிதான். எட்டு தடவையை நான்காகக் குறைத்திருக்கிறேன். இந்த வெயிலில் அது உடம்புக்கு என்ன செய்யும் என்று கிளினிக்கில் நர்ஸ் சத்தம் போட்டு அனுப்பினார், அந்தச் சத்தம் மட்டும் நன்றாகக் காதில் விழுந்தது.

வியாழக்கிழமை மீட்டிங் இருக்கிறது. உங்கள் ஸ்டோரில் நடக்கிறவர்களுக்குத் தனிக் கதவோ, வண்டி தானாக வேகம் குறைகிற ஏற்பாடோ இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கிள்ளான், ரவாங், சுங்கை பட்டாணி, எந்த ஊராக இருந்தாலும் சரி. பிரிண்ட் எடுத்து மேசையில் வைக்கப் போகிறேன். பக்கத்திலேயே நசுங்கின சாப்பாட்டு அடுக்கையும் வைப்பேன்.