2000 லூமன், துளி சிவப்பு இல்லை

பட்டப்பகலில் கடலுக்குள் டார்ச் எதற்கு என்று கேட்பவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஆழத்தில் பகலிலும் சிவப்பு மறைந்துவிடும் என்பது அங்கே போகாதவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. என் ஆத்திரமெல்லாம், தெரிந்திருந்தும் இரவு டைவுக்கான டார்ச்சை "எல்லாவற்றுக்கும் ஆகும்" என்று சொல்லித் தலையில் கட்டுகிறவர்கள் மீதுதான்.

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் (2018-இல் பெயரை மாற்றிவிட்டார்கள், என் வாய்தான் இன்னும் மாறவில்லை) புறப்படும் முன், பெட்டியில் 2000 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றைச் சேமிப்பை வழித்தெடுத்து வாங்கினேன். 22 மீட்டர் ஆழத்தில் மென்பவளப் புதர் ஒன்றின் மீது அதைப் பாய்ச்சியபோது, உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாற்போல் ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. சுற்றிலும் அதே சாம்பல் நீலம். பக்கத்தில் நீந்திவந்த வழிகாட்டி, கீறல் விழுந்த தன் பழைய டார்ச்சை அதே கிளையின் மீது திருப்பினார். சாம்பலாக நின்றது குங்குமமாகச் சிவந்தது. வாயில் ரெகுலேட்டர் என்னும் மூச்சுக் கருவி இருந்ததால் நான் திட்டியது யாருக்கும் கேட்கவில்லை; குமிழிகள் மட்டும் கொஞ்சம் கூடுதலாக மேலே போயின.

இதில் மாயம் எதுவும் இல்லை. தெளிந்த நீரே ஒவ்வொரு மீட்டருக்கும் சிவப்பு ஒளியில் ஏறத்தாழ 30 சதவீதத்தை விழுங்கிவிடுகிறது. 10 மீட்டர் இறங்குவதற்குள் வெயிலின் சிவப்பில் 100-க்கு 3 பங்கு மிஞ்சினால் அதிகம். டார்ச்சின் ஒளிக்கும் இதே கதிதான்: பவளத்துக்கு அரை மீட்டர் அருகில் பிடித்தால் போக வர ஒரு மீட்டர், சிவப்பில் 70 சதவீதம் கண்ணுக்குத் திரும்பும், இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் கால் பங்குதான். ஆக, பகலில் நிறம் பார்க்க வேண்டியவனுக்குத் தேவை, கைக்கெட்டும் தூரத்தில், மேலிருந்து இறங்கும் நீல வெளிச்சத்தை மீறிக்கொண்டு, ஒரு பவளக் கிளை முழுவதையும் சீராக நனைக்கும் ஒளி. அந்த ஒளிக்குள் சிவப்பும் இருக்க வேண்டும்.

பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரியாவது உண்டா? "300 மீட்டர் பாயும்" என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தூரம் காற்றில் கணக்கிடப்படுவது. பௌர்ணமி நிலவு தரும் அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸாக, வெளிச்சம் குறையும் இடம் வரைக்கும். நண்பகல் வெயிலோடு மல்லுக்கட்ட வந்தவனுக்கு நிலாக் கணக்கு எதற்கு? கற்றையின் விரிவு 120 டிகிரி என்று போட்டிருந்தால் அதுவும் பெரும்பாலும் காற்றில்தான். தட்டையான கண்ணாடி வழியே நீருக்குள் நுழைந்ததும் அது 80 டிகிரிக்குச் சுருங்கிவிடும். அந்த 2000 லூமனும், டார்ச்சுகளை அளப்பதற்கான தரவிதியின்படியே, விளக்கைப் போட்ட முதல் இரண்டு நிமிடங்களுக்குள் எடுத்த கணக்கு. நான் நீரில் இருப்பதோ முக்கால் மணி நேரம்.

எல்லாவற்றையும்விட என்னை எரிச்சலூட்டுவது நிறத்திறன் எண்தான். ஒரு விளக்கின் ஒளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்று சொல்லும் சி.ஆர்.ஐ. என்னும் அந்த எண்ணைப் பலர் போடுவதே இல்லை. போடுகிறவர்களும் எட்டு வெளிர் நிறங்களின் சராசரியைத்தான் போடுகிறார்கள். அடர்சிவப்பை அளக்கும் ஆர்9 அந்தச் சராசரியில் சேராது. மலிவான எல்.இ.டி.யில் ஆர்9 பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். நீலம் தூக்கலான அந்த வெள்ளை ஒளியை, ஏற்கெனவே நீலத்தில் மூழ்கிக் கிடக்கும் இடத்துக்கே காசு கொடுத்துச் சுமந்து போயிருக்கிறேன். கொல்லன் தெருவில் ஊசி விற்றவன்கூட இவ்வளவு செலவு செய்திருக்க மாட்டான்.

ஊர் திரும்பியதும், ஆர்9 எவ்வளவு, நீரில் கற்றையின் விரிவு எவ்வளவு, இருபதாம் நிமிடத்தில் எத்தனை லூமன் மிஞ்சும் என்று மூன்று கேள்விகளைத் தெளிவாக எண்ணிட்டு விற்றவருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "சார், இது 2000 லூமன் சார்."