கருவிழி வெளுத்தால் கண்புரை ஆபரேஷன் கிடையாதா?

"கருவிழியில் வெண்மை படர்ந்தவர்களுக்குக் கண்புரை ஆபரேஷனே செய்ய முடியாது, தானக் கண் கிடைத்தால்தான் உண்டு" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

இங்கே கருவிழி என்பது கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் படலம். அதில் வெண்மை எந்த இடத்தில், எவ்வளவு அடர்த்தி என்பதுதான் கணக்கு. ஓரளவு மங்கல் என்றால், கண்ணுக்குள் புரை விழுந்திருக்கும் லென்ஸை மூடியிருக்கும் மெல்லிய உறைக்கு டிரைபான் புளூ என்ற நீலச் சாயம் ஏற்றுவார்கள். மங்கலுக்குள்ளும் உறை நீலமாகத் தெரியும். அதை வட்டமாகக் கிழித்துப் புரையை எடுக்கலாம். நேர் வெளிச்சம் மங்கலில் பட்டுச் சிதறினால், மெல்லிய ஒளிக்குழாயைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்ப்பதும் உண்டு. (பனியில் ஹைபீம் போட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புரியும்.)

உள்ளே ஒன்றுமே தெரியாத அளவு வெளுத்திருந்தால், சரி, கருவிழி மாற்று தேவைப்படலாம். அப்போதும் புரை நீக்கம், செயற்கை லென்ஸ் பொருத்துவது எல்லாவற்றையும் ஒரே ஆபரேஷனில் முடிப்பதுண்டு.

கருவிழியில் இருக்கும் வெண்மையை விட்டுவிட்டுப் புரையை மட்டும் எடுத்தால் பார்வை முழுத் தெளிவுக்கு வராமல் போகலாம். எவ்வளவு தெரியும் என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.