சூடானதும் நின்றுபோகும் லாரிக்குத் தெர்மோஸ்டாட் காரணமல்ல

அண்ணாச்சி, பழைய லாரி அரைமணி நேரம் ஓடிச் சூடானதும் நின்றுபோனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறீர்கள். நாலைந்து பேர் செய்யப்போவதாகவும் சொல்கிறார்கள். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம்.

தெர்மோஸ்டாட் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். அது திறக்காமல் மாட்டிக்கொண்டால், சூட்டைக் காட்டும் கேஜ் முள் சிவப்புக்கு ஏறும், தண்ணீர் கொதிக்கும். முள் நடுவிலேயே நிற்க, வண்டி விக்கி விக்கி அணைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டீசல் வரத்தைத்தான். கழற்றிவிட்டாலோ இன்ஜின் வேண்டிய சூட்டை எட்டாமல் குளிர்ந்தே ஓடும். எரியாத டீசல் ஆயிலில் இறங்கி, பிஸ்டன் ஓடும் உருளையின் உள்சுவரான லைனர் தேயும்.

நீங்களே பார்த்துவிடலாம். வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு வரும் டியூபில் ஒரு சாண் லெவல் டியூபை (கொத்தனாரிடம் உள்ளே தெரிகிற மாதிரி இருக்குமே, அதுதான்) கிளிப் போட்டு மாட்டி, இன்ஜினைச் சூடாக ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது.

போன கோடையில் புளியரை ஏற்றத்தில் என் வண்டி மூன்று தடவை நின்றது. இதே மாதிரி டியூபை மாட்டியபோது அந்தக் குமிழிகள் முத்து முத்தாக ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். டேங்க் பக்கத்து ரப்பர் டியூபில், கிளிப்புக்கு அடியில் ஒரு மயிரிழை வெடிப்பு. சூட்டில் ரப்பர் இளகியதும் அது வாய் திறந்திருக்கிறது.

சோதனை முடிந்ததும் லெவல் டியூபைக் கழற்றிவிடுங்கள், டீசலுக்கும் சூட்டுக்கும் அது தாங்காது.