கிண்ணத்தின் அளவோடு ஆமையின் வளர்ச்சி நிற்காது

கோவை பீளமேட்டில் காலி செய்த வீட்டிலிருந்து இரண்டு சிவப்புக்காது ஆமைக் குட்டிகளை மீட்டவருக்கு, "கண்ணாடிக் கிண்ணமே போதும், அதன் அளவுக்கு மேல் வளராது, பெரிதானால் நொய்யல் ஆற்றில் விட்டுவிடுங்கள்" என்று ஒரு அண்ணன் சொல்லியிருக்கிறார். தப்புங்க அண்ணா, இதை நம்பிச் செய்தால் குட்டிகள் பிழைப்பதே கஷ்டம்.

இந்த இனத்துப் பெண் ஆமை ஓடு மட்டும் 25 சென்டிமீட்டர் தாண்டும், 20, 30 வருஷம் வாழும். கிண்ணத்தில் வளர்ச்சி குறைந்தால் அது நோய், இயல்பு இல்லை.

முக்கியமானது வெயில். வெயிலில் உள்ள புறஊதா பி (யூவிபி) கதிர் படாவிட்டால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஒட்டாது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஜன்னலோரம் வைத்தேன் என்பார்கள். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அதற்கென விற்கும் யூவிபி விளக்கு வேண்டும். அதன் கீழே, முழுதாக நனையாமல் ஏறி உட்கார ஒரு சாய்வான கல். நீந்தித் திரும்பும் அளவு தண்ணீர், ஒரு ஃபில்டர். தண்ணீர் 26 டிகிரி சுமாருக்கு இருக்கட்டும். மார்கழிக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி ஒட்டும்.

நொய்யலில் விடவே கூடாது. இது அமெரிக்க இனம், நம் குளத்து ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அப்புறம், யாராவது மீட்டது நட்சத்திர ஆமையாக (ஓட்டில் நட்சத்திரக் கோடுள்ள நம்மூர்த் தரை ஆமை) இருந்தால் தொட்டியே வாங்காதீர்கள். அதை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.