சாமி வகுப்பும் சித்தம்பூண்டிப் பாறையும்

நம்ம கொங்கு நாட்டில் பிள்ளைகளுக்குச் சமயம் சொல்லித்தர ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. கோயிலில் திருமுறை வகுப்பு, சர்ச்சில் ஞாயிறு மறைக்கல்வி, பள்ளிவாசலில் மதரஸா, கோடை லீவில் பண்புப் பயிற்சி முகாம். எல்லாம் நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்புத் தரத்தோடு நின்றுவிடுகின்றன. பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகும் அதே கதை, அதே ஒப்பித்தல், பரிசாக அதே டிபன் பாக்ஸ்.

பள்ளிக்கூடம் அப்படி நிற்பதில்லை. நம் மாநிலப் பத்தாம் வகுப்பு அறிவியலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று ஒரு பாடமே இருக்கிறது. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டு, பூமிக்கு 450 கோடிக்குக் கொஞ்சம் மேல் என்று படித்துவிட்டு வரும் பிள்ளை, சாமி வகுப்பில் சும்மா இருக்குமா? எங்கள் பக்கத்தில் ஒரு பொண்ணு, "ஏனுங்கய்யா, டைனோசர் இருந்தப்ப சாமி யாருக்கு அருள் பண்ணிட்டு இருந்தாருங்க?" என்று கேட்டிருக்கிறது. "சாமி விசயத்துல குறுக்குக் கேள்வி ஆகாது கண்ணு" என்று உட்கார வைத்துவிட்டார்கள். மனிதனே இல்லாத கோடிக்கணக்கான ஆண்டுகள் கடவுளுக்கு என்னவாக இருந்தன? அதைவிடப் பெரிய சமயக் கேள்வி எனக்குத் தெரிந்து இல்லை.

கன்றுக்குப் போட்ட கழுத்துக் கயிற்றைக் காளையான பிறகும் மாற்றாமல் விட்டால் ஒன்று கயிறு அறும், இல்லை கழுத்து அறும். காலேஜுக்குப் போனதும் எல்லாவற்றையும் உதறும் பசங்களையும் பார்க்கிறோம், யார் என்ன கேட்டாலும் சண்டைக்கு வரும் பசங்களையும் பார்க்கிறோம்.

இன்னொரு கூட்டம் உண்டு. அவர்கள்தான் எனக்கு அதிக எரிச்சல். "டார்வின் 1859இல் சொன்னதைத் தசாவதாரத்தில் அப்பவே சொல்லிட்டாங்க" என்று மேடையில் ஒருவர் சொல்ல, கைதட்டல் பறக்கும். சிவபுராணத்தையும் விடுவதில்லை. சரி, அந்த வரியையே எடுத்துப் பாருங்கள்: "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று தொடங்கி, மிருகம், பறவை, பாம்பு, கல், அப்புறம் மனிதர், பேய். பாம்புக்கு முன்னால் பறவை. பாம்புக்கும் மனிதனுக்கும் நடுவில் கல். இதில் எந்தப் பரிணாம வரிசை இருக்கிறது? மாணிக்கவாசகர் சொல்வது ஓர் உயிர் பிறந்து பிறந்து இளைத்துப்போன கதை. டார்வின் சொன்னது தலைமுறை தலைமுறையாக இனங்கள் மாறும் கதை. ஒன்றை இன்னொன்றின் சான்றிதழாக்கினால் இரண்டுக்கும் அவமரியாதை. ஆனால் புல்லையும் புழுவையும் "நானாக இருந்தவை" என்று சொல்ல ஒரு மனிதருக்கு வாய் வந்ததே, அதைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் பேசலாம். அதை யாரும் பேசுவதில்லை.

பெல்ஜியத்துப் பாதிரியார் ஜார்ஜ் லெமைத்ர் இதில் என் ஆள். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இலேயே கணக்குப் போட்டுக் காட்டியவர். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், விரியும் பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்ற இந்த அறிவியல் படைப்பின் கதைக்குச் சாட்சி சொல்கிறது என்ற தொனியில் பேசினார். மற்றவராக இருந்தால் காலரைத் தூக்கிவிட்டிருப்பார். லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. கோட்பாடு நாளைக்கு மாறலாம், விசுவாசத்தை அதன்மேல் கட்டக் கூடாது என்பது அவர் பக்கம். பூசையும் வைத்தார், கணக்கும் போட்டார்.

நமக்குப் பாடம் நடத்த வெளியூர் போக வேண்டியதும் இல்லை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடக்கும் அனார்த்தோசைட் பாறை நிலாவின் மேட்டுநிலப் பாறைக்கு நெருங்கிய சாதி. சந்திரயானைச் சோதிக்க அதைத்தான் அரைத்து நிலா மண்ணாகப் பரப்பினார்கள். வயது சுமார் 250 கோடி ஆண்டு. அதே பக்கத்தில்தான் திருச்செங்கோடு. சம்பந்தர் அங்கே பாடி 1300 ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஒரே நாளில் இரண்டு இடத்துக்கும் வேன் பிடித்துக் கூட்டிப்போகலாம். முதலில் பாறை, அப்புறம் மலையேறிப் பதிகம். நடுவில் பிள்ளைகள் கேட்பதற்கு "எனக்குத் தெரியலை கண்ணு, சேர்ந்து யோசிப்போம்" என்று சொல்லக்கூடிய ஒரு வாத்தியார் வேண்டும். பஸ் வாடகையைவிட அவரைத் தேடுவதுதான் சிரமம்.

உங்கள் ஊரில் பத்தாவதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த மாதிரி வகுப்பு எங்காவது நடக்கிறதா? எந்தச் சமயமானாலும் சரி, சொல்லுங்க. நாங்க நாலஞ்சு பேர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துக்கிறோம்.