பாக்ஸ்கார் வில்லி மோசடிக்காரர் அல்லர்

ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கூடுகையில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். சரக்கு ரயிலில் ஊர் சுற்றும் ஹோபோவின் வேஷத்தில் மேடையேறிய அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் பாக்ஸ்கார் வில்லியின் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, "விமானப்படையில் சம்பளம் வாங்கியவர் போட்ட பிச்சைக்கார வேஷம், சுத்த மோசடி" என்றார் நண்பர். சிரித்தவர்களும் உண்டு. அன்று ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். இன்று சொல்கிறேன்: அது மோசடி அன்று.

அவருடைய இயற்பெயர் லீசில் டிராவிஸ் மார்ட்டின். 1931இல் டெக்சாஸில், பிடில் வாசிக்கத் தெரிந்த ஒரு ரயில்வே தொழிலாளியின் மகனாகப் பிறந்து, தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவர். விமானப்படையில் ஃப்ளைட் இன்ஜினியராக இருந்தது ஊரறிந்த செய்தி. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் லெவல் கிராசிங்கில் காத்திருந்தபோது, கடந்துபோன சரக்கு ரயிலின் மூடுபெட்டி (பாக்ஸ்கார்) வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் தன் நண்பர் வில்லியின் சாயலைக் கண்டு 'பாக்ஸ்கார் வில்லி' என்ற பாட்டை எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். பாட்டின் பெயர் பிறகு பாடியவருக்கும் ஒட்டிக்கொண்டது. இதில் ஏமாந்தவர் யார்?

முதலில், ஹோபோ பிச்சைக்காரர் அல்லர். வேலை தேடி, டிக்கெட் இல்லாமல் சரக்கு வண்டியில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன உழைப்பாளி. அதைக்கூட அறியாமல் ஒருவரைத் தீர்ப்பிடுவது நியாயமா?

"ஜிம்மி ரோஜர்ஸ் நிஜ ரயில்வேக்காரர், அவர் எங்கே, இவர் எங்கே" என்பீர்கள். கன்ட்ரி இசையின் முன்னோடியான ரோஜர்ஸை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அவர் பார்த்தது ரயிலின் பிரேக்கைக் கவனிக்கும் பிரேக்மேன் வேலை. 1928இல் அவர் பதிவுசெய்த 'வெயிட்டிங் ஃபார் எ ட்ரெயின்' பாட்டில் பேசுபவரோ, கையில் காசில்லாமல் ஏற வந்து ஒரு பிரேக்மேனால் விரட்டப்படும் ஹோபோ. தன் வேலையைச் செய்பவனே விரட்டியடித்த ஆளின் குரலை எடுத்துக்கொண்டு பாடினார் ரோஜர்ஸ். அது கலை என்றால் வில்லி பாடியதும் கலைதான்.

ஏழ்மையை விற்றுப் பணம் பார்த்தார் என்கிறீர்கள். தொலைக்காட்சி விளம்பரத்தில் இசைத்தட்டு விற்றார், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துப் பிரான்சன் ஊரில் சொந்த அரங்கம் நடத்தினார், உண்மைதான். பாடகர் பாடித்தானே பிழைக்க வேண்டும்? இதற்குமேல் இதற்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

என் அப்பா சரக்கு ரயில் கார்டாக இருந்தவர். ஆங்கிலப் பாட்டு அவருக்குப் புரியாது. ஒருநாள் மாலை வில்லி தன் வாயாலேயே ரயில் விசில் எழுப்பும் இடம் வந்தபோது, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஸ்டீம் எஞ்சினா?" என்றார். வாயால் செய்கிறார் என்றதும் நம்பவில்லை. மூன்று முறை திரும்பப் போடச் சொன்னார். முப்பது வருடம் பிரேக் வேனில் கண்விழித்தவரின் காதுக்கு உண்மையாகப் பட்டதை, ஒரு தொப்பியையும் கிழிந்த கோட்டையும் மட்டும் பார்த்துப் பொய் என்கிறீர்கள். அந்தச் சிரிப்பு அப்பாவைப் பார்த்துச் சிரித்ததாகவே எனக்குப் பட்டது. மிகையாக எடுத்துக்கொள்கிறேன் என்றால் இருக்கட்டும்.

நீங்கள் நிறுத்தியபோது பாட்டில் விசில் இன்னும் வரவில்லை. அடுத்த ஞாயிறு அதை முழுதாகப் போடுவதாக இருந்தால் சொல்லுங்கள், அப்பாவையும் அழைத்து வருகிறேன்.