பட்டியலுக்கு முந்தைய பட்டியல்

எங்கள் தொழில்முறைச் சங்கத்தின் வேட்பாளர் தேர்வுக் குழுவில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுச் சென்ற மாதம் விடைபெற்றேன். தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் ஆகிய பொறுப்புகளுக்கான பெயர்களைப் பரிசீலித்து வாக்கெடுப்புக்கு அனுப்புவது அந்தக் குழுவின் வேலை. பட்டியலில் பல தரப்பினரும் இடம்பெற வேண்டும் என்று எங்கள் விதிகளிலேயே ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரியைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதல் கூட்டத்தில் குழுத் தலைவர் வெள்ளைப் பலகையின் அருகே நின்றுகொண்டு, "நினைவுக்கு வரும் பெயர்களைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார். பத்து நிமிடத்தில் 14 பெயர்கள் சேர்ந்துவிட்டன. ஒருவரையும் தகுதியற்றவர் என்று தள்ள முடியாது. ஆனால் அந்த 14 பேரில் 11 பேர் ஏறத்தாழ ஒரே வயதினர், ஒரே மாதிரியான பெரிய நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள், ஒரே மாநாடுகளின் மேடைகளில் மாறி மாறி அமர்பவர்கள். பெண்கள் இருவர். தனியாகத் தொழில் நடத்தும் உறுப்பினர்கள் சங்கத்தில் ஏராளமாக இருந்தும் பலகையில் ஒருவர்கூட இல்லை. அந்தப் பெயர்களில் மூன்றைச் சொன்னது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரையும் ஒதுக்க வேண்டும் என்று அந்த அறையில் ஒருவரும் நினைக்கவில்லை. நினைவில் இருந்தவர்களைச் சொன்னோம், நினைவில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் போலவே இருந்தார்கள்.

தேர்வைப் பற்றிய சச்சரவெல்லாம் இறுதிக் கூட்டத்தில்தான் வெடிக்கிறது. ஆனால் முடிவில் பெரும்பகுதி, பெயர்கள் வந்து சேரும் அந்தப் பத்து நிமிடத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்பது என் கருத்து.

இதைச் சொன்னால், "தகுதியைப் பாருங்கள், ஆளைப் பார்க்காதீர்கள்" என்று பதில் வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தகுதி என்பதை ஆளைப் பார்த்த பிறகே நாம் வரையறுக்கிறோம். உல்மன், கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. காவல்துறைத் தலைவர் பதவிக்கு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் மதிப்பிடுமாறு ஆய்வில் பங்கேற்றவர்களிடம் சொன்னபோது, படிப்பு ஆணிடம் இருந்தால் படிப்பே முக்கியம் என்றார்கள். அதே படிப்பு பெண்ணிடம் இருந்தபோது அதன் எடை குறைந்துவிட்டது. விண்ணப்பதாரர்களைப் பார்ப்பதற்கு முன்பே அளவுகோலை முடிவு செய்யச் சொன்னதும் அந்தப் பாகுபாடு மறைந்துவிட்டது.

படித்து வியந்துகொண்டிருந்த நானே அதில் மாட்டினேன். ஒரு பெண் உறுப்பினரின் பெயருக்கு எதிரே, குறிப்பு எழுதும் இடத்தில், 'அமைதியானவர். கூட்டங்களில் அதிகம் பேசமாட்டார்' என்று எழுதியிருந்தேன். தாளை வாங்கிப் பார்த்த சக உறுப்பினர் இரண்டு பக்கங்கள் முன்னால் புரட்டி, அதிகம் பேசாத ஓர் ஆண் வேட்பாளருக்கு நான் எழுதியிருந்ததைக் காட்டினார்: 'நிதானமானவர்'. இரண்டும் என் கையெழுத்து, இரண்டும் ஒரே மாலையில் எழுதியவை. அதன் பிறகுதான் ஒவ்வொரு பதவிக்கும் என்ன வேண்டும் என்பதை முதலில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுப் பெயர்களைத் திறப்பது என்று வழக்கத்தை மாற்றினோம்.

விதிகளின் கதை வேறு. 'இரண்டு முறை செயற்குழுவில் இருந்திருக்க வேண்டும்' என்ற நிபந்தனை யாருக்கும் எதிரானதாகத் தோன்றாது; ஆனால் செயற்குழுவுக்குள் நுழையவே வழியில்லாதவருக்கு அது பூட்டிய கதவு. இப்படிப்பட்ட பூட்டு புதிதன்று. மின் வில் (electric arc) பற்றிய ஆய்வுகளுக்குப் பெயர்பெற்ற ஹெர்த்தா அயர்ட்டனை 1902-இல் அறிவியலாளர்களின் அமைப்பான லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராக முன்மொழிந்தபோது, மணமான பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சாசனத்தில் இடமில்லை என்ற சட்ட ஆலோசனையைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அதே அமைப்பு 1906-இல் அவருக்கு ஹியூஸ் பதக்கத்தை வழங்கியது. அங்கே முதல் இரண்டு பெண்கள் உறுப்பினர்களாகத் தேர்வானது 1945-இல். ஆய்வைப் பாராட்டுவதற்குத் தடையில்லை, ஆய்வாளரைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளத்தான் சட்டம் குறுக்கே நின்றது.

கட்டாய விதி போட்டால் போதும் என்பவர்களோடும் என்னால் முழுதாக உடன்பட முடியவில்லை. அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தின் தேசிய லீக்கில் (NFL), தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு இனச் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காண வேண்டும் என்ற 'ரூனி விதி' 2003-இல் வந்தது. கதவைத் திறந்த விதிதான். ஆனால் ஆளை முன்பே முடிவு செய்துவிட்டு நேர்காணலை ஒப்புக்கு நடத்துகிறார்கள் என்ற புகாரும் கூடவே வந்தது. கணக்குக் காட்டுவதற்காக அழைக்கப்படுகிறோம் என்பது அழைக்கப்படுபவருக்கு முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எங்களுக்கு உண்மையில் பலன் தந்தது தொலைபேசி. பலகையில் இல்லாத உறுப்பினர்களை ஆளுக்கு ஐந்து பேராகப் பிரித்துக்கொண்டு அழைத்துப் பேசினோம். நான் அழைத்தவர்களில் ஒருவர் தனியாகத் தொழில் நடத்தும் பெண்மணி. முதல்முறை, "என்னைவிட மூத்தவர்கள் இருக்கிறார்களே சார்" என்றார். நான் அதைத் தயக்கம் என்று எடுத்துக்கொண்டு ஊக்கமூட்டும் சொற்களாகப் பொழிந்தேன். மூன்றாவது முறை பேசியபோதுதான் அவர் மனத்திலிருந்த கேள்விகள் வெளியே வந்தன: "கூட்டம் எத்தனை மணிக்கு வைப்பீர்கள்? பயணச் செலவை முன்பணமாகத் தருவீர்களா, பிறகு தருவீர்களா? நான் வராத நாளில் என் தொழிலை யார் பார்ப்பார்கள்?" இவற்றில் ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிற எனக்குச் சங்கக் கூட்டம் என்பது வேலைநேரத்திலேயே போய்வருகிற ஒன்று. அவருக்கு அது ஒரு நாள் வருமானம். அந்த ஆண்டு அவர் மறுத்துவிட்டார்.

அவர் கேள்விகளை அப்படியே செயற்குழுவுக்கு எழுதி அனுப்பினேன். எட்டு மாத இழுபறிக்குப் பிறகு பாதிக் கூட்டங்கள் இணையவழிக்கு மாறின. பயணச் செலவும் முன்பணமானது. மறு ஆண்டு அவர் பொருளாளர் பதவிக்குப் போட்டியிட்டுக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ஆறுதல் சொல்ல அழைத்தேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை. புதிய குழுவின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு இரண்டு பேரை முன்மொழிந்திருக்கிறார். இருவரின் பெயரையும் அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை.